மெடிக்கல் கடை: கணினியில் ஒரு ஸ்டாக், அலமாரியில் ஒரு ஸ்டாக். எங்கிருந்து சரி செய்வது?

பாமணியாறு

வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் சில்லறை மருந்துக் கடை. ஏறக்குறைய 1,800 ஐட்டம், ஒரு கணினி, ஒரு தெர்மல் பிரிண்டர், ஒரு ஃபார்மசிஸ்ட், கவுண்டரில் இரண்டு பேர். கைப்பில்லை விட்டு பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாறி எட்டு மாதம். பில் வேகமாகப் போகிறது, ஜிஎஸ்டி கணக்கிலும் தலைவலி இல்லை. ஸ்டாக் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. எண்ணிப் பார்த்ததில் சிலவற்றை அப்படியே போடுகிறேன், எல்லாம் மாத்திரைக் கணக்கு:

மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர்: கணினியில் மைனஸ் 40, அலமாரியில் 60.
பான்டோபிரசோல் 40: கணினியில் 630, அலமாரியில் 360.
டெல்மிசார்டன் 40: கணினியில் 180, அலமாரியில் 210. அதே கம்பெனியின் டெல்மிசார்டன்-எச்: கணினியில் 150, அலமாரியில் 120.
அம்லோடிபின் 5: மொத்தம் இரண்டிலும் 300. ஆனால் பழைய பேட்ச் கணினியில் 90, கையில் 30.

இன்னொரு தொல்லை, எக்ஸ்பைரி மாதம் பிறந்த அன்றே சாஃப்ட்வேர் அந்த பேட்ச்சைப் பூட்டிவிடுகிறது. அட்டையிலோ மாதம் மட்டும்தான் இருக்கிறது. எச்1 ரிஜிஸ்டரை (சீட்டுக்கு மட்டும் கொடுத்து, விவரம் பதிய வேண்டிய மருந்துகளின் பதிவேடு) கணினியிலேயே வைத்துக்கொண்டால் போதுமா என்பதும் தெரிய வேண்டும். க்யூஆர் ஸ்கேனர் வாங்கினால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று சாஃப்ட்வேர் விற்றவர் சொல்கிறார். வாங்கலாமா?

வெண்ணாறு

எண்களை அப்படியே போட்டது நல்லதாய்ப் போயிற்று. வித்தியாசத்தைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். இங்கே நான்கும் நான்கு நோய்.

மெட்ஃபார்மினில் வித்தியாசம் 100. அந்த பிராண்டின் ஸ்ட்ரிப்பில் 15 மாத்திரை இருக்கும், ஐட்டம் மாஸ்டரில் (சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மருந்தின் விவரமும் இருக்கும் பட்டியல்) 10 என்று கிடக்கும். முழு ஸ்ட்ரிப்பாகப் போனதெல்லாம் இரண்டு பக்கமும் சமமாகக் கழிந்துவிடும், அதில் வித்தியாசம் வராது. வெட்டி உதிரியாக விற்றதில்தான் சாயம் வெளுத்துவிடும். 20 ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு 300, கணினிக்கு 200. உதிரியாக 240 விற்றிருந்தால் கையில் 60 மிஞ்சும், கணினி மைனஸ் 40 காட்டும். உங்கள் எண்ணே அதுதான்.

இதில் ஸ்டாக்கைவிட விலைதான் பெரிய ஆபத்து. ஸ்ட்ரிப் எம்ஆர்பி 45 ரூபாய் என்றால் மாத்திரை ஒன்று 3 ரூபாய். பத்தால் வகுத்த கணினி 4 ரூபாய் 50 காசு போட்டிருக்கும். ஐந்து மாத்திரை வாங்கிப்போன ஆளிடம் 7 ரூபாய் 50 காசு கூடுதல். எம்ஆர்பிக்கு மேல் விற்பது 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையை மீறுவது. "கம்ப்யூட்டர் போட்ட விலை சார்" என்றால் எந்த ஆய்வாளரும் கேட்க மாட்டார்.

மாஸ்டருக்குள் போய் 10-ஐ நேரே 15 ஆக்கிவிடாதீர்கள். பல சாஃப்ட்வேர்களில் அது பழைய பில்களையும் சேர்த்துத் திருப்பிக் கணக்குப் போட்டுவிடும். பழைய ஐட்டத்தின் இருப்பைப் பூஜ்யமாக்கி மூடுங்கள், பெயரின் கடைசியில் "15" சேர்த்துப் புதிய ஐட்டம் திறங்கள், கையில் உள்ள 60-ஐ சரியான பேட்ச், எக்ஸ்பைரியோடு அதில் ஏற்றுங்கள். 7, 14, 15, 30 என்று வரும் ஸ்ட்ரிப்புகளை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து மாஸ்டரோடு ஒத்துப்பாருங்கள். பத்து வருவதையெல்லாம் தொட வேண்டாம். கம்பெனிக்காரன் பத்தை பதினைந்தாக்கி அதே பெயரில் அனுப்புவதும் நடக்கிறது, பர்ச்சேஸ் போடும்போது அட்டையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

உதிரி விலையில் இன்னொரு சின்னப் பொறி. எம்ஆர்பி 38.50, ஸ்ட்ரிப்பில் 15 என்றால் ஒரு மாத்திரை 2.5667. சாஃப்ட்வேர் அதை 2.57 என்று மேலே தள்ளினால் பதினைந்துக்கு 38.55, எம்ஆர்பியைத் தாண்டிவிட்டீர்கள். "பில்லின் ஒரு வரிக்கு மொத்தமாகக் கணக்கிடு, கீழ்நோக்கி முழுமையாக்கு" என்று அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். ஏழு மாத்திரை என்றால் 38.50 பெருக்கல் 7 வகுத்தல் 15, அதாவது 17.96.

பான்டோபிரசோலில் வித்தியாசம் 270, ஸ்ட்ரிப் கணக்கில் 27. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் வந்தால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று பார்க்க வேண்டும், பழைய கணக்குப்பிள்ளைகள் வித்தை இது. 36 ஸ்ட்ரிப்பை 63 என்று ஓப்பனிங் ஸ்டாக்கில் அடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஐட்டத்தில் எல்லாமே ஒழுங்காக நடந்திருக்கிறது, பாராட்டலாம்.

டெல்மிசார்டன் ஜோடியை மட்டும் இன்றே பாருங்கள். சாதா 40 கணினியில் 30 குறைவு, எச் வகை 30 அதிகம். பில் ஒன்றுக்கு, எடுத்துக் கொடுத்தது மற்றொன்றை. கவுண்டரில் மூன்று எழுத்து அடித்ததும் பட்டியலில் சாதா மேலேயும் எச் கீழேயும் வருகிறது, எண்டர் தட்டிவிடுகிறார்கள். கேள்வி என்னவென்றால், தப்பு பில்லிலா, மருந்திலா? எச் வகையில் ஹைட்ரோகுளோர்தயசைடு சேர்ந்திருக்கிறது, சிறுநீர் பிரிக்கும் மருந்து. சாதா எழுதிய ஆளுக்கு அது போயிருந்தால் தலைசுற்றல், சோடியம் குறைவு என்று போகும். எச் எழுதியவருக்குச் சரியாகக் கொடுத்து பில் மட்டும் மாறியிருந்தால் பில்லைத் திருத்தினால் போதும். கடைசியாக இரண்டும் ஒட்டியிருந்த தேதியிலிருந்து டெல்மிசார்டன் 40 பில்களை எடுத்து, மருந்துச்சீட்டு படம் இருந்தால் ஒத்துப்பாருங்கள், இல்லாவிட்டால் ஃபோன் பண்ணி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள்.

அம்லோடிபின் சில்லறை விஷயம் போலத் தெரியும், இரண்டு மாதம் கழித்துத்தான் கடிக்கும். கை பழைய பேட்ச்சை எடுக்கிறது (நல்லதுதான்), பில்லில் புதிய பேட்ச் விழுகிறது. கம்பெனி ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொன்னால், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலே பொய்யாகிவிடும். எக்ஸ்பைரி ரிட்டர்னிலும் கணினி 90 இருக்கிறது என்னும், கையில் 30தான் இருக்கும். பேட்ச்சைத் தானாக எடுக்கும் வரிசையை "முதலில் காலாவதி" என்று மாற்றுங்கள், அலமாரியிலும் அதே வரிசையில் முன்னே வையுங்கள். பில்லில் பேட்ச் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை அட்டையோடு பார்த்துவிட்டுத்தான் கவரில் போட வேண்டும்.

எண்ணும் முறை: கடையை மூடி 1,800-ஐயும் ஒரே நாளில் எண்ணாதீர்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் எண்ணியது எதுவும் உருப்படாது. தினமும் கடை திறக்கும் முன் 70 ஐட்டம், மாதம் 26 நாளில் ஒரு சுற்று முடியும். அதிகம் ஓடும் 150 ஐட்டத்தை மட்டும் வாரம் ஒருமுறை. எண்ணுகிறவர் கையில் கணினி எண் இருக்கக் கூடாது, இருந்தால் 58-ஐயும் 60 என்று எழுதுவார். திருத்தும்போது காரணம் போடாமல் விடாதீர்கள்: பேக் தவறு, பேட்ச் தவறு, பெயர் தவறு, உடைசல், எண்ணிக்கைத் தவறு. மூன்று மாதம் கழித்து அந்தக் காரணப் பட்டியல்தான் உங்களுக்கு வேலை சொல்லும்.

நெகடிவ் ஸ்டாக்கில் பில் போடும் அனுமதியை இப்போதே மூட வேண்டாம். மூடினால் கவுண்டரில் கூட்டம் நிற்கும், அவசரத்தில் வேறு பேட்ச்சில் பில் போட்டுச் சமாளிப்பார்கள், குப்பை கூடும். ஒரு சுற்று எண்ணி முடித்த பிறகு மூடுங்கள்.

குடமுருட்டி

ஸ்டாக்கிஸ்ட் (மொத்த வியாபாரி) பக்கம் இருந்து சொல்றேண்ணே. பர்ச்சேஸ் பில்லைக் கையால அடிக்கிறதை முதல்ல விடுங்க. உங்களுக்கு வர்ற பில்லை சிஎஸ்வி கோப்பா (கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் கோப்பு) கேட்டா பெரும்பாலான ஸ்டாக்கிஸ்ட் மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ தருவாங்க. உங்க சாஃப்ட்வேர்ல இறக்குமதி பண்றப்ப முதல் தடவை அவங்க ஐட்டம் கோடுக்கும் உங்க ஐட்டத்துக்கும் முடிச்சுப் போடணும், அது ஒரு நாள் வேலை. அப்புறம் நாற்பது வரி பில் நாலு நிமிஷம்.

ஆனா ஒண்ணு, அந்தக் கோப்பை எக்செல்ல திறந்து "சும்மா பார்த்துட்டு" சேவ் பண்ணிடாதீங்க. பேட்ச் நம்பர் நாசமாயிடும். நடுவுல ஆங்கில ஈ எழுத்து வர்ற பேட்ச், 23ஈ05 மாதிரி இருந்தா, எக்செல் அதை 23-க்குப் பின்னால அஞ்சு பூஜ்யம்னு படிச்சு 23,00,000 ஆக்கிடும். 00412-ல முன்னாடி இருக்கிற பூஜ்யம் ரெண்டும் போயிடும். மார்ச்னு தொடங்குற பேட்ச் தேதியா மாறிடும். அப்புறம் எக்ஸ்பைரி ரிட்டர்ன் அனுப்புறப்ப "இந்த பேட்ச் நாங்க அனுப்பவே இல்லையே"ன்னு எங்க ஆளு திருப்பி அனுப்புவான், அவன் மேல தப்பில்லை. பார்த்தே ஆகணும்னா நோட்பேடுல திறங்க. எக்செல்தான் வேணும்னா டேட்டா மெனு வழியா இறக்கி, பேட்ச் பத்தியை டெக்ஸ்ட்னு குறிச்சுட்டு ஏத்துங்க.

எக்ஸ்பைரி பூட்டுற விஷயமும் இதே கதைதான். அட்டையில 08/2026-ன்னு மாசம் மட்டும் போட்டிருந்தா அந்த மாசம் கடைசி நாள் வரைக்கும் செல்லும், 31-08-2026. உங்க சாஃப்ட்வேர் அதை 01-08-2026-ன்னு சேமிக்குது. அமைப்புல "மாதக் கடைசி"ன்னு ஒரு தேர்வு இருக்கும், இல்லாட்டி சாஃப்ட்வேர்காரங்களைப் போட்டுத்தரச் சொல்லுங்க. அதுக்காக ஆகஸ்ட் 30-ந்தேதி ஒரு மாசத்து மாத்திரையைக் கட்டிக் கொடுக்கக் கூடாது, சாப்பிட்டு முடிக்கிற தேதிதான் கணக்கு. மூணு மாசத்துக்குள்ள காலாவதி ஆகுறதை வாராவாரம் பட்டியல் எடுத்து தனி ரேக்குக்கு மாத்துங்க, சாஃப்ட்வேர்லயும் அது தனி இடமா இருக்கட்டும். எத்தனை மாசம் முன்னாடி, எத்தனை மாசம் பின்னாடி ரிட்டர்ன் எடுப்பாங்கங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்ட்டையும் கேட்டு மாஸ்டர்லயே குறிச்சு வைங்க.

ஸ்கீமு: பத்துக்கு ஒண்ணு ஃப்ரீன்னு வந்தா அந்த ஒண்ணை பூஜ்ய விலையில தனி வரியா போடாதீங்க. ஃப்ரீ பத்தியில போடுங்க. கடை விலை 80-ன்னா பத்துக்கு 800, பதினொண்ணால வகுத்தா அடக்கம் 72 ரூபா 73 காசு. தனி வரியா போட்டா ஒரே பேட்ச் ரெண்டு வரியா நிக்கும், ஒண்ணு லாபம் நூறு சதவீதம்னு காட்டும், நீங்களும் நம்பிடுவீங்க.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல பெரும்பாலான மருந்துக்கு 12-லேருந்து 5 ஆச்சில்லையா, அதுக்கு முன்னாடி வாங்கின அட்டை இன்னும் அலமாரி மூலையில கிடந்தா அச்சிட்ட எம்ஆர்பியிலயே வித்துடாதீங்க, கம்பெனி அனுப்பின திருத்திய விலைப்பட்டியலைப் பாருங்க. வரியை மட்டும் மாத்தினா பழைய 100 ரூபா 93 ரூபா 75 காசு ஆகும். பழைய பில் நம்பரைக் காட்டி வர்ற கிரெடிட் நோட்டுல மட்டும் பழைய 12 சதவீதமே இருக்கும், அதைப் பார்த்து பயப்பட வேணாம்.

அரசலாறு

எச்1 பற்றி. இந்தப் பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரிஜிஸ்டரில் வேண்டியவை: எழுதிய மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, கொடுத்த அளவு. கொடுக்கும் நேரத்திலேயே பதிய வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். கணினியில் பதியுங்கள், கணினியில் மட்டும் வைக்காதீர்கள். மாதம் முடிந்ததும் ஏ4 தாளில் லேசரில் அச்சடித்து, ஃபார்மசிஸ்ட் கையெழுத்திட்டு, கோத்து வையுங்கள். தெர்மல் தாள் வேண்டாம். நம்மூர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரு வருடத்தில் வெள்ளைத்தாளாகிவிடும்.

கோளாறு வருவது மாஸ்டரில்தான். எச்1 குறியை பிராண்ட் பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிய பிராண்ட் வந்தால் குறி இல்லாமலே நுழைந்துவிடும், பில்லும் கேள்வி கேட்காமல் போகும். குறி மூலமருந்தில் இருக்க வேண்டும். செஃபிக்சிம் என்று குறித்தால் செஃபிக்சிம் சேர்ந்த எல்லாக் கூட்டு மருந்தும் தானாக வர வேண்டும். பட்டியலைத் தெரிந்துதான் குறிக்க வேண்டும், ஊகித்து அல்ல: அல்பிரசோலம் எச்1, குளோனசெபம் எச். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் எச்1, அசித்ரோமைசின் எச். டிரமடால், சோல்பிடெம் இரண்டும் எச்1. எச் என்றாலும் சீட்டு இல்லாமல் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை, அந்த ரிஜிஸ்டர் வேலைதான் இல்லை.

மருத்துவர் பெயருக்கு "ஜிஹெச் டாக்டர்" என்று ஒரே பதிவை வைத்து எல்லாவற்றையும் அதில் தள்ளுவதும் பரவலாக நடக்கிறது. முந்நூறு பதிவில் இருநூற்று ஐம்பது ஒரே பெயரில் இருந்தால் புத்தகத்தைத் திறந்த உடனேயே தெரியும். ரிஃபாம்பிசின், ஐசோநயசிட், எதாம்பியூட்டால், பைரசினமைடு எல்லாமே எச்1தான். காசநோய் மருந்து கொடுத்த விவரத்தை மருந்துக் கடையும் தெரிவிக்க வேண்டும் என்று 2018-ல் அரசிதழில் வந்துவிட்டது. எச்1 அறிக்கையில் இந்த நான்கை வடிகட்டினால் நிக்ஷய் (அரசின் காசநோய்ப் பதிவுத் தளம்) பதிவுக்கான பட்டியல் தயார்.

பட்டியலில் மேலே கீழே மாறும் சிக்கலுக்கு: பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதால்தான் கண் ஏமாறுகிறது. எச், ஏஎம், எம், எல்எஸ் போன்ற வால்களைப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து "எச் | டெல்மிசார்டன் 40" என்று மாஸ்டரில் போடுங்கள். தேடல் பெயரின் நடுவிலும் தேடுமாறு இருந்தால் பழையபடி மூன்று எழுத்திலேயே வரும், ஆனால் கண்ணில் முதலில் படுவது வித்தியாசம்தான்.

எச்சரிக்கைச் சன்னல்: சாஃப்ட்வேர் எல்லா மருந்து மோதலுக்கும் சிவப்புப் பெட்டி காட்டினால் மூன்றாம் நாளே படிக்காமல் எஸ்கேப் தட்டுவார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கொல்லக்கூடியவற்றை மட்டும் வைக்கலாம். வார்ஃபரினோடு வலி மாத்திரை, மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல். நைட்ரேட்டோடு சில்டெனாஃபில். மீத்தோட்ரெக்சேட்டோடு கோ-டிரைமாக்சசோல். ஸ்பைரோனோலாக்டோனோடு டெல்மிசார்டன் வகையறா. மீத்தோட்ரெக்சேட்டைத் தனியாகவும் பூட்டுங்கள்: மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு நாள் மருந்து, "தினம் 1" என்று லேபிள் அடிக்கவே கணினி விடக் கூடாது. எந்தக் கிழமை என்று கேட்டு, கிழமையை அச்சடிக்க வேண்டும்.

இதை எந்தச் சாஃப்ட்வேரும் தானாகச் சொல்லாது: மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த அட்டையில் மருந்தின் பொதுப்பெயர்தான் இருக்கும். உங்கள் கடையில் வாங்குவது பிராண்ட் பெயர். இரண்டும் ஒரே மெட்ஃபார்மின் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. நோயாளி பதிவில் "அரசு மாத்திரை: ஆம் / இல்லை, என்ன" என்று ஒரு கட்டம் வையுங்கள், மாதாமாதம் வாங்க வருகிறவரிடம் ஒருமுறை கேட்டால் போதும். அந்தப் பதிவில் ஃபோன் நம்பரும் நோயும் சேர்ந்து இருப்பதால் பட்டியலைக் கம்பெனி ரெப் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

லேபிள் தமிழில் அடியுங்கள். 50-க்கு 25 மில்லிமீட்டர் ஸ்டிக்கர், மலிவான லேபிள் பிரிண்டரில் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 400-க்கு 200 புள்ளி. பிரிண்டரின் சொந்த எழுத்துருவில் தமிழ் இருக்காது, நேரே அனுப்பினால் கேள்விக்குறிகளாக வரும், சில சமயம் கொம்பு தனியாகக் கழன்று எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். வரியைப் படமாக மாற்றி விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்பினால் சரியாக வரும். எழுத்து உயரம் 24 புள்ளிக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். "1-0-1" வேண்டாம். "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு."

கோரையாறு

ஸ்கேனர் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் இது கடைசி வேலை. வெண்ணாறு சொன்ன நான்கு கோளாறில் ஸ்கேனர் தடுப்பது பெயர் மாறுவதை மட்டும்தான். பேக் அளவு மாஸ்டரில் தப்பாக இருந்தால் ஸ்கேனர் அதே தப்பை இன்னும் வேகமாகச் செய்யும்.

சாதாரண கோட்டு பார்கோடில் (890-ல் தொடங்கும் 13 இலக்கம்) பொருள் எது என்பது மட்டும்தான் இருக்கிறது, பேட்ச்சும் எக்ஸ்பைரியும் கிடையாது. பேட்ச் வேண்டுமானால் சதுரக் குறி வேண்டும். 2023 ஆகஸ்ட் 1-க்குப் பின் தயாரான 300 முன்னணி பிராண்டுகளில் க்யூஆர் கட்டாயம். பெயர், உற்பத்தியாளர், பேட்ச், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் 1,800-ல் அந்தப் பட்டியலில் வராதவைதான் அதிகம், அவற்றுக்குப் பழையபடி கைதான். தவிர, எழுதியிருக்கும் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலதில் வெறும் வாசகம், சிலதில் இணைய முகவரி, சிலதில்தான் ஜிஎஸ்1 முறை (பார்கோடுக்கான சர்வதேசப் பொது முறை).

ஜிஎஸ்1 முறையில் 01 என்றால் பொருள் எண், 17 காலாவதி, 10 பேட்ச், 21 வரிசை எண். இரண்டு இடத்தில் சறுக்கும். காலாவதி ஆண்டு-மாதம்-நாள் என்று ஆறு இலக்கம், நாள் 00 என்று வந்தால் மாதக் கடைசி என்று பொருள். 260800-ஐ "தவறான தேதி" என்று தள்ளும் சாஃப்ட்வேர்களும் உண்டு, விற்பவரிடம் அதை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, பேட்ச்சுக்கு நீளம் நிலையில்லை, அது எங்கே முடிகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி சொல்லும். விசைப்பலகை போல வேலை செய்யும் ஸ்கேனர் அந்தக் குறியை விழுங்கிவிட்டால் பேட்ச்சும் வரிசை எண்ணும் ஒட்டி ஒரே நீள எண்ணாக விழும். ஸ்கேனர் கையேட்டில் அந்தக் குறியை வேறொரு எழுத்தாக மாற்றி அனுப்பும் அமைப்பு இருக்கும். வாங்கும் முன் உங்கள் கடையிலிருந்து பத்து அட்டையைக் கையில் எடுத்துப்போய் அடித்துப் பாருங்கள். பழைய லேசர் ஸ்கேனர் சதுரக் குறியைப் படிக்கவே படிக்காது, இமேஜர் (கேமரா போலப் படம் பிடித்துப் படிக்கும்) வகைதான் வேண்டும்.

ஸ்கேனர் காசில் முதலில் யூபிஎஸ் வாங்குங்கள். பில் சேவ் ஆகும் நொடியில் மின்சாரம் போனால் பழைய வகைக் கோப்பு தரவுத்தளங்களில் அட்டவணை உடையும், பில் இருக்கும், ஸ்டாக் கழிந்திருக்காது. இதுவும் உங்கள் வித்தியாசத்தில் ஒரு பங்கு. கணினியும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட்டுக்குள் என்றால் 600 விஏ போதும், பில்லை முடித்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள்.

பேக்கப் தினமும் கடை மூடும்போது, இரண்டு பென் டிரைவ் மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் வீட்டில். கணினியிலேயே செருகி வைத்த பென் டிரைவ் பேக்கப் ஆகாது, வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே தின்னும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து நேற்றைய கடைசி பில் எண் வருகிறதா பாருங்கள். இணையத்தில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேரை நம் பக்கத்தில் நான் சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16-ல் கஜா வந்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வரிசை எண் அச்சிட்ட கைப்பில் புத்தகம் இரண்டு எப்போதும் கடையில் இருக்கட்டும், ஒவ்வொரு வரியிலும் பேட்ச் எழுத இடத்தோடு.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன்: இன்சுலின் ஃபிரிட்ஜுக்கு ஒரு டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி) போடுங்கள். 2 முதல் 8 டிகிரி, பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. உணரியைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அலறும். ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீரோ கிளிசரினோ நிரப்பி அதில் முக்கி, நடுத்தட்டில் இன்சுலின் பக்கத்தில் வையுங்கள். கீழ் எல்லை அலாரத்தைத்தான் அதிகம் மதிக்க வேண்டும். உறைந்த இன்சுலின் உருகினால் பார்க்கப் பழையபடி இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஃப்ரீசருக்கு அடியில், பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜை ஓட்டுவதானால் சைன் வேவ் வகை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்தையெல்லாம் வேறு இடத்தில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கி, கதவைத் திறக்காமல் 8 டிகிரி தாண்ட எத்தனை நேரம் ஆகிறது என்று லாகரிலேயே பாருங்கள். அந்த நேரத்தை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

பாமணியாறு

எல்லோருக்கும் நன்றி. மெட்ஃபார்மின் அட்டையில் 15, மாஸ்டரில் 10, சொன்னபடியே. டெல்மிசார்டனில் சீட்டு எல்லாம் எச்சுக்குத்தான், மருந்தும் எச்தான் போயிருக்கிறது, பில் மட்டும் மாறியிருக்கிறது. பான்டோபிரசோல் ஓப்பனிங் தாளில் 36 என்றே எழுதியிருக்கிறது, அடித்ததுதான் 63.

இன்னும் ஒன்று மட்டும். மறு ஆர்டர் அளவைச் சாஃப்ட்வேர் கடைசி 30 நாள் சராசரியில் போடுகிறது. ஐப்பசி மழை பிடித்தால் சேற்றுப்புண் களிம்பு, ஓஆர்எஸ் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோகிறது. தையில் அறுவடை முடிந்த பிறகு பார்த்தால் களிம்பு குவிந்து கிடக்கிறது.

வெண்ணாறு

30 நாள் சராசரி சென்னைக்குச் சரி. நடவும் களையுமாக ஆட்கள் சேற்றில் நிற்கும் ஊரில் அது எப்போதும் ஒரு மாதம் பின்தங்கியே வரும். சேற்றுப்புண் களிம்பு செப்டம்பரில் 20 டியூப், நவம்பரில் 90 என்று வையுங்கள். சரக்கு வர 2 நாள், கையிருப்பாக 5 நாள், ஆக 7 நாள் தேவை. செப்டம்பர் கணக்கில் மறு ஆர்டர் அளவு 5, நவம்பர் கணக்கில் 21. ஆகவே பருவ ஐட்டம் நாற்பதோ ஐம்பதோ மட்டும் தனிக் குழுவாகப் பிரித்து, அதற்குப் போன வருடம் அதே மாதத்தின் விற்பனையை 30-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள். மாதம் பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே அளவை மாற்ற வேண்டும். சம்பா அறுவடை தொடங்கும்போது களிம்பு அளவைக் கையால் இறக்கிவிடுங்கள், சராசரி தானாக இறங்கும் என்று காத்திருந்தால் பிப்ரவரி வரை வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். மழையில் ரோடு துண்டிக்கப்படும் பக்கமென்றால் 5 நாள் கையிருப்பை 8 ஆக்கலாம். இன்சுலினுக்கு அப்படி ஏற்றாதீர்கள், ஃபிரிட்ஜ் தாங்கும் நேரம்தான் அதற்கு எல்லை.

குடமுருட்டி

சாஃப்ட்வேர் வந்து எட்டு மாசம்தானேண்ணே ஆவுது, போன வருஷ ஐப்பசிக் கணக்கு உங்ககிட்ட இருக்காது. ஸ்டாக்கிஸ்ட்கிட்ட கேளுங்க. உங்க கடைக்குப் போனது மட்டும், ஐட்டம்வாரியா, மாசவாரியா, போன ஏப்ரல்லேருந்து மார்ச் வரைக்கும்னு சொன்னா எங்க பக்கம் ஒரு நிமிஷ வேலை. நாலு ஸ்டாக்கிஸ்ட்கிட்ட வாங்குறீங்கன்னா நாலையும் வாங்கி, ஐட்டம்வாரியா கூட்டிக்குங்க. ஃப்ரீ சரக்கு அதுல தனிப் பத்தியில வரும், அதையும் சேர்த்துக் கூட்டணும். நீங்க திருப்பி அனுப்பின எக்ஸ்பைரியைக் கழிச்சுடுங்க.